பரண் சார் அழித்த நிரல்

அவர் ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியில் ஒரு மலர் வெளியிட்டார்கள். பத்தொன்பது வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவள் என்பதால் என்னிடமும் ஒரு பக்கம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நேரம் தவறாதவர், யார் கூப்பிட்டாலும் ஓடி வருபவர் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அந்தப் பக்கம் வாசல் காவலாளிக்கும் பொருந்தும், தலைமை மருத்துவருக்கும் பொருந்தும். அவரைப் பற்றி உண்மையில் சொல்ல வேண்டியது வேறு. அதை மலரில் போட மாட்டார்கள். நானும் அதைச் சிரித்த முகத்தோடு சொல்லப்போவதில்லை.

எல்லோரும் அவரைப் பரண் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் உபயோகம் இல்லாததைத் தூக்கிப் பரணில் போடுகிறோமே, அப்படி ஆஸ்பத்திரிக் கணினிகளில் காலாவதியானதையெல்லாம் அவர் எங்கேயாவது ஏற்றி வைத்திருப்பார். நாம் பரணில் போட்டதை மறந்துவிடுவோம். அவர் எதையும் மறப்பதில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பிரிவு. கதிர் வெளியே போகாமல் இருக்க ஓர் ஆள் நீளத்துக்குக் கனமான சுவர்கள், சன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை நோயாளிகள் கையில் இருக்கும் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். நடைபாதையில் ஒரு வரிசை நாற்காலி, அதன் கோடியில் எங்கள் ஆவண அறை. இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி, விட்டு விட்டு எரியும் ஒரு டியூப்லைட். இன்றைக்கு எந்த நோயாளிக்கு, உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு கதிர் போனது என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பேர். அந்தக் கணினியைச் சாகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

கணினியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளோடு சில்லறைச் சாமான்கள் மாதிரி குட்டிக் குட்டி நிரல்கள் வரும். வட்டில் பழுது இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, தவறி அழித்த கோப்பைத் திரும்ப எழுப்ப ஒன்று, எல்லாவற்றையும் நகல் எடுத்து மூட்டை கட்ட ஒன்று, அந்த மூட்டையைப் பிரிக்க ஒன்று. புதிய பதிப்பு வரும்போது பழைய சில்லறையில் பாதி காணாமல் போய்விடும். இனி தேவையில்லை என்பார்கள். பரண் சார் மட்டும் அதை நம்ப மாட்டார். புதுப் பதிப்பைப் போடுவதற்கு முன்னால் பழைய நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி வைத்துக்கொள்வார். நாங்கள் கிண்டல் செய்யாத நாள் இல்லை. உங்கள் பல் விழுந்தால் அதையும் டப்பாவில் போட்டு வைப்பீர்களா என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். விழுந்த பல்லுக்குப் பிறகு வேலை இல்லை, இதற்கு இருக்கிறது என்பார்.

இருந்தது என்பதும் உண்மைதான். ஒரு முறை மருந்துக் கிடங்குக்காரர் ஆறு மாதப் பட்டியலை ஒரே அமுக்கில் அழித்துவிட்டு முகத்தில் ஈயாடாமல் வந்து நின்றார். புது மென்பொருள் விற்ற நிறுவனத்தார் கையை விரித்துவிட்டார்கள். பரண் சார் தன் பழைய நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார், நான் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். பட்டியல் உயிரோடு இருந்தது. அன்றைக்கு எல்லோரும் கிண்டலுக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தோம்.

அவர் வீடும் இப்படித்தான் அடைசலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு முறை காய்ச்சல் என்று படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். துடைத்து வைத்த மாதிரி வீடு. இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், அண்ணி என்று நான் கூப்பிடும் அவர் மனைவியின் தையல் மெஷின். சுவரில் ஓர் ஆணிகூட அநாவசியமாக இல்லை. பழைய செருப்பை வாசலில் ஒரு நாள் கூடுதலாக விட்டாலும் தூக்கிப் போட்டுவிடுவார் என்று அண்ணி அலுத்துக்கொண்டார். தன்னுடையது எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர், ஊராருடையதைக் கட்டிக் காத்தார். எனக்கு அவர் மீது மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அந்த வருட நோயாளிகளின் பதிவுகளை ப்ளாப்பி வட்டுகளில் மூட்டை கட்டி, ரப்பர் வளையம் போட்டு அலமாரியில் அடுக்குவார். வருடத்துக்குப் பதினான்கு, பதினைந்து ப்ளாப்பி வரும். ஒன்று, இரண்டு என்று எண் போடுவார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பூஜ்யம் என்று எண் போட்ட ஒன்றை வைப்பார். அதில் நோயாளி யாரும் இல்லை. மூட்டையைப் பிரிக்கிற ரிஸ்டோர் நிரல் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பூஜ்யம். ஒரே நிரலை எதற்கு இத்தனை இடத்தில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"புஸ்தகத்தோட கண்ணாடியையும் சேர்த்து வச்சிடணும்மா. நாளைக்குப் படிக்க வர்றவனுக்குக் கண்ணு எப்படி இருக்குமோ நமக்கென்ன தெரியும்" என்றார்.

அந்த வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்கே நோய் வந்தது. முப்பத்தைந்து வயது. மகளுக்கு ஐந்து வயது. கணவர் அதற்கு முன்பே எங்களை விட்டுப் போய்விட்டிருந்தார், அது வேறு கதை, இங்கே வேண்டாம். காலையில் நடைபாதை நாற்காலியில் நோயாளியாக உட்காருவேன். கதிர் வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பதிவோடு என் பதிவையும் நானே தட்டச்சு செய்வேன். முதலில் மார்புக்கு இருபத்தைந்து நாள். நடுவில் முதுகெலும்பிலும் ஒரு புள்ளி இருக்கிறது என்று அங்கேயும் கொடுத்தார்கள். எத்தனை நாள், ஒவ்வொரு நாளும் எவ்வளவு? என் விரல்தான் அதைத் தட்டியது. நாற்பது பேரோடு நாற்பத்தொன்றாக அதையும் தட்டிவிட்டு மறந்துவிட்டேன். மறக்கத்தான் ஆசைப்பட்டேன்.

பிழைத்தேன். வருடங்கள் போயின. புது மென்பொருள் வந்தது. அதில் அப்போது சிகிச்சையில் இருந்தவர்களை மட்டும் ஏற்றினார்கள். பழையவர்கள் ப்ளாப்பிகளிலேயே இருக்கட்டும் என்றார்கள். பத்து வருடம் தாண்டிய காகிதக் கோப்புகளைக் கூழாக்க அனுப்பினார்கள். கணினியில்தான் இருக்கிறதே, காகிதம் எதற்கு என்பது நியாயம்தான். என் கோப்பும் அந்த மூட்டைகளோடு லாரி ஏறியது. அனுப்பிய கோப்புகளின் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.

பிறகு அந்த ஒன்பது நாள் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் பிரிவின் எல்லாத் திரையிலும் பணம் கேட்டு ஒரே வாசகம். யாரோ எங்கிருந்தோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டிருந்தார்கள். கதிர் இயந்திரம் நல்லபடியாகத்தான் இருந்தது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்று அதற்குச் சொல்ல வழியில்லை. ஒன்பது நாள் ஒருவருக்கும் சிகிச்சை நடக்கவில்லை. நடைபாதை நாற்காலிகளில் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தொண்டையில் கட்டியோடு ஒரு பேருந்து ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார். பேச்சு வராது, சிலேட்டில் எழுதிக் காட்டுவார். இன்றைக்கு உண்டா என்று ஒன்பது நாளும் அதே சிலேட்டை நீட்டினார். பூட்டைத் திறந்து சிகிச்சை தொடங்கிய நாலாவது மாதம் அவர் இறந்துபோனார். அந்த இடைவெளியால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

புகுந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று துருவிப் பார்த்தார்கள். பழைய கணினிக்கும் புதியதற்கும் இடையே கோப்புகளைக் கடத்த ஒரு பழைய நிரல் இருந்தது. எல்லா இடத்திலும் பல வருடத்துக்கு முன்பே தூக்கி எறியப்பட்டது. அதில் ஓட்டை இருப்பது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். பரண் சார் வைத்திருந்தார். ஒரு நாள் உதவும் என்று வைத்திருந்தார்.

அவரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கணினிப் பிரிவுக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார், முப்பது வயதுக்காரி. வந்ததும் வராததுமாக இவரை விரட்டப்போகிறாள் என்று நான் கச்சை கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் அறைக்கே வந்து, அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, பொறுமையாகப் பேசினாள்.

"சார், பழசை வச்சிருக்கிறது தப்புன்னு நான் சொல்லல. எது எதுக்குன்னு எழுதாம வச்சிருக்கிறதுதான் தப்பு. ஒரு பட்டியல் குடுங்க. எந்த நிரல், எதுக்கு வேணும், அது இல்லாட்டி யாருக்கு நஷ்டம். வேணுங்கறத நெட்வொர்க்ல சேராத ஒரு மிஷின்ல தனியா வச்சுக்கலாம். மத்தது போகட்டும்" என்றாள்.

இதைவிட ஒழுங்கான வார்த்தையை அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்டதில்லை. ஒரு மாதம் அவகாசமும் கொடுத்தாள். பரண் சார் தலையை ஆட்டினார்.

பட்டியல் எழுதக் குறுக்குக் கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கி வந்தார். தினமும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவை மூடி மூடித் திறப்பார். ஒரு வரியும் எழுதவில்லை. அந்த ஓட்டுநருடைய மனைவி சிகிச்சை அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிற்பகல் பரண் சார் நோட்டை மூடி டிராயரில் போட்டார். மறுநாளிலிருந்து அழிக்க ஆரம்பித்தார்.

அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதவர். கணினி கணினியாகப் போய் ஒவ்வொரு பழைய நிரலையும் அழித்தார். அழித்த இடத்தின் மேல் மூன்று தடவை வெற்றெழுத்து எழுதினார், யாரும் திரும்ப எழுப்ப முடியாதபடி. பிறகு அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் பூஜ்யத்தை உருவினார். அதை ஏன் எடுக்கிறீர்கள், அது நெட்வொர்க்கில் இல்லையே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தலைவலி பிடித்த மனிதன் வீட்டில் இருக்கிற எல்லா விளக்கையும் அணைக்கிற மாதிரிதான் அப்போது அவர் இருந்தார். கத்தரியால் ஒவ்வொரு பூஜ்யத்தையும் குறுக்கே வெட்டினார். குப்பைக் கூடையை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு வழியாகப் பரண் காலியாச்சு என்று ஜோக் வேறு அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேலாளர் பட்டியல் கேட்டபோது, எதுவும் மிச்சமில்லை, பட்டியல் தேவைப்படாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. எதெல்லாம் இருந்தது என்று தெரியாதவளால் எது போயிற்று என்று எப்படிக் கேட்க முடியும்?

அதற்கு இரண்டு வருடம் கழித்து எனக்கு முதுகு வலித்தது. முதலில் நாற்காலி சரியில்லை என்று நினைத்தேன். மாத்திரைக்கு அடங்காத வலி என்றால் என்னவென்று அந்தப் பிரிவில் வேலை செய்தவளுக்குத் தெரியாதா? ஸ்கேன் எடுத்தார்கள். பழைய இடத்திலேயே, முதுகெலும்பில், திரும்ப வந்திருந்தது.

டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. உடனே கதிர் கொடுக்காவிட்டால் கட்டி நரம்பை நசுக்கி நடக்க முடியாமல் செய்துவிடும். ஆனால் முதுகுத்தண்டு நரம்பு ஆயுளுக்கு இவ்வளவு கதிர்தான் தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் நரம்பே வெந்துவிடும், அப்போதும் நடக்க முடியாது. ஆகவே போன தடவை அங்கே எவ்வளவு போனது என்று தெரிய வேண்டும். நான் சிரித்துவிட்டேன். நான் தட்டியதுதானே, எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது, இன்றைக்கே எடுத்துத் தருகிறேன் என்றேன்.

பரண் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து அலமாரியைத் திறந்து அந்த வருடத்து மூட்டையை எடுத்தார். ரப்பர் வளையம் இற்றுப்போய்க் கையோடு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் பதினைந்தில் நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கும் விளங்கியது. மூட்டையைப் பிரிக்கிற பூஜ்யத்தைத்தான் வெட்டிப் போட்டிருந்தோம்.

பயப்படாதேம்மா, ரிஸ்டோர் நிரலுக்கு எல்லா இடத்திலும் பேர் ஒன்றுதானே, எங்கேயும் கிடைக்கும் என்றார். இணையத்தில் அதே பெயரில் எட்டு நிரல் கிடைத்தது. மேலாளரே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். எட்டும் பதிப்பு சரியில்லை என்று கதவைச் சாத்தின. அப்போதுதான் பரண் சாருக்கு நினைவு வந்தது. அந்தப் பழைய கணினிகளை விற்ற நிறுவனம் தன் இஷ்டத்துக்கு அந்த நிரலை மாற்றி, தன் இயந்திரத்துக்கென்றே ஒரு பதிப்புச் செய்திருந்தது. அந்த நிறுவனம் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் இருபது வருடத்துக்கு முன்னால் வருடத்துக்கு ஒரு பூஜ்யம் வைக்க ஆரம்பித்தார். வழக்கம் அவர் கையில் தங்கிவிட்டது, காரணம் எப்போதோ நழுவிவிட்டது. மேலாளர் ப்ளாப்பியில் இருந்ததை அப்படியே படித்துப் பிரிக்க வெளியூர் நிபுணர் ஒருவரைப் பிடித்தாள். ஒன்றரை மாதமாவது ஆகும் என்றார் அவர்.

அவ்வளவு நாள் என்னால் முடியாது. படுத்தால் வலி, உட்கார்ந்தால் வலி. டாக்டர் அந்தக் காலத்து வழக்கத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதுகெலும்புக்கு அப்போதெல்லாம் பெரும்பாலும் ஐந்து நாள்தான் கொடுப்பார்கள், ஐந்து என்று வைத்துக்கொண்டால் இப்போது பத்து நாள் கொடுக்க இடமிருக்கிறது. ஆனால் அது ஊகம்தான், தொடங்குவதா காத்திருப்பதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

பரண் சார் வீட்டுக்கு வந்து கெஞ்சினார். அந்த நிறுவனத்துக் கணினி வேறு எங்கேயாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், தேடிப் பிடித்துவிடலாம் என்றார்.

"ஒரு வாரம், ஒரே வாரம் பொறுத்துக்கம்மா."

"வலி உங்களுக்கில்லையே அண்ணே. வெட்டும்போது யோசிச்சிருக்கணும்" என்றேன்.

மறுநாளே தொடங்கச் சொல்லிவிட்டேன். அதில் என் பங்கும் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தப் பக்கமும் அந்த மலர் மாதிரி ஆகிவிடும்.

நான் தினமும் கதிர் அறைக்குள் போய்ப் படுத்தேன். அவர் தினமும் ஊரைச் சுற்றினார். விடுப்புப் போட்டுவிட்டு அச்சகம் அச்சகமாக, நூல் ஆலை, எடை மேடை, லிஃப்ட் பழுது பார்க்கும் கடை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். நல்ல இடங்களிலெல்லாம் புதிது வந்துவிட்டிருந்தது. எல்லோரும் அவரைப் போலவே சுத்தம் செய்துவிட்டிருந்தார்கள். ஆறாவது நாள் ஊர்க்கோடியில் இரும்புக் குழாய்க்கு மரை வெட்டும் ஒரு பட்டறையில் அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கசடு ஒரு விரற்கடை படிந்து, விசைப்பலகையில் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல். பட்டறைக்காரருக்கு நிரல் என்றால் என்னவென்றே தெரியாது. எப்படி இதை இத்தனை வருடம் வைத்திருக்கிறீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார்.

"ஓடுறத எதுக்கு சார் தொடணும்?" என்றாராம் அவர்.

இருபது வருடம் பொத்திப் பொத்திக் காத்தவர் கையில் இல்லாதது, ஒன்றையும் கவனிக்காத சோம்பேறி ஒருவர் பட்டறையில் குத்துக்கல்லாட்டம் இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

அதிலிருந்த ரிஸ்டோர் நிரலை நகல் எடுத்து வந்து, அன்று பிற்பகலே பரண் சார் மூட்டையைப் பிரித்துவிட்டார். பதினைந்து ப்ளாப்பியும் பழுதில்லாமல் வந்தன. அவர் கட்டியது அவ்வளவு சுத்தமாக இருந்தது. என் பெயருக்கு எதிரே நான் தட்டியது அப்படியே இருந்தது. முதுகெலும்புக்கு ஐந்து நாள் இல்லை. பன்னிரண்டு நாள். அப்போதே ஏறக்குறைய எல்லையை முட்டிவிட்டிருந்தது. இப்போது கொடுக்கத் துளியும் இடமில்லை. அதற்குள் எனக்கு ஆறு நாள் கொடுத்தாகிவிட்டது. டாக்டர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது மாதம் ஒன்றும் தெரியவில்லை. வலிகூட நின்றிருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டியிருக்கிறேனா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ஊன்றுகோல். அதற்கடுத்த மாதம் சக்கர நாற்காலி. மறுபடியும் ஸ்கேன் எடுத்து டாக்டர் சொன்னார்: கட்டி சுருங்கிவிட்டது, நரம்பு வெந்துவிட்டது. காத்திருந்தால் அந்த ஒரு வாரத்தில் கட்டி காலைப் பிடித்திருக்காது, அறுவைக்கு அனுப்பியிருக்கலாம் என்பதையும் நான் கேட்டதால் சொன்னார்.

பரண் சாரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. நோய்தான் காலை எடுத்துக்கொண்டது, எப்படியும் ஆகியிருக்கும் என்று சொல்லிவைத்தோம். மகள், அண்ணி, டாக்டர் எல்லோரும் ஒரே வாய். அதற்குள் அவருக்கு ஓய்வு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வர ஆரம்பித்தார். கூடத்தில் உட்காருவார், மாத்திரை டப்பாவில் வாரத்துக்கு உள்ளதைப் பிரித்துப் போடுவார், சக்கரத்துக்கு எண்ணெய் விடுவார். அதிகம் பேச மாட்டார். ஒரு ஞாயிறு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், அந்த ஆறு நாளா, இல்லை நோயா என்று. நோய்தான் அண்ணே என்றேன். பழகிய பொய், சரளமாக வந்தது.

"எனக்குக் கூட்டத் தெரியும்மா. அந்தத் தாளை எடுத்ததே நான்தானே" என்றார்.

அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. கெஞ்சவும் இல்லை. ஒரு பதிலுக்காக உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எனக்குள் பொத்தி வைத்திருந்தது அத்தனையும் அப்போது திரண்டு வந்தது. இந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியமோ அவ்வளவு ஆத்திரம். எல்லாவற்றையும் வைத்திருந்தீர்கள், ஒரு ஓட்டுநர் செத்தார். எல்லாவற்றையும் அழித்தீர்கள், என் கால் போயிற்று. அந்தப் பெண் கேட்டது ஒரு பட்டியல். ஒரு பக்கம் எழுத உங்களுக்குக் கை வரவில்லை. இதையெல்லாம் சொன்னேன். குரலை உயர்த்தாமல் சொன்னேன். முடிவில் அவர் கேட்டதற்கும் பதில் சொன்னேன்.

"ஆமாண்ணே. அந்த ஆறு நாள்தான்."

அவர் தலையை ஆட்டினார். டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். எண்ணெய் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். மகளுக்கு ஞாயிறு வேலை நாள். கதவை நான்தான் திறக்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறி, கூடத்தைத் தாண்டி, தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. மணியை ஒரே தடவை அடித்துவிட்டு அவர் வெளியே நிற்பார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவதும், உள்ளே நான் நாற்காலியோடு மல்லுக்கட்டுவதும் இரண்டு பேருக்குமே கேட்கும். ஒரு சாவியை அவரிடம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்கிறாள் மகள். சாவி கைவசம் இருக்கிறது. கொடுக்க எனக்கு மனமில்லை. நிற்கட்டும்.